சிறுமியர் இதழ் தந்த முகம்

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவிலும் அசைவூட்டப் படமான அனிமேயிலும் 'பிஷோஜோ' எனப்படும் அழகிய இளம்பெண் பாத்திரம், ஆண் ரசிகர்களுக்காகவே உருவாக்கப்பட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அம்முகத்தின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், அது பெரிதும் சிறுமியர் இதழ்களில் உருப்பெற்று, பின்னரே ஆண்களுக்கான இதழ்களில் குடியேறியது என்பது புலப்படும்.

1930களில் 'ஷோஜோ நோ தோமோ' என்னும் சிறுமியர் இதழில் நகஹாரா ஜுன்இச்சி வரைந்த பெண்களின் அகன்ற கண்களில் ஏக்கம் ததும்பியது. மங்கா கலைஞர் தெசுகா ஒசாமு 1953இல் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி', ஆண்பிள்ளையாக வளர்க்கப்படும் ஓர் இளவரசியின் கதை. தெசுகா வளர்ந்த தகராசுகா நகரில் ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்று நடிக்கும் இசைநாடகக் குழுவின் சாயல் அதில் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். அடுத்த இருபது ஆண்டுகளில் சிறுமியர் மங்காவின் கண் மேலும் விரிந்து, கருவிழிக்குள் நட்சத்திரங்கள் மின்னத் தொடங்க, மூக்கோ ஒரு சிறு கோடாகச் சுருங்கிற்று. தெசுகாவிடம் டிஸ்னி படங்களின் செல்வாக்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும், பாத்திரத்தின் மனவோட்டத்தைக் காட்டுவதே அக்கதைகளின் உயிராக இருந்ததால்தான் கண்ணுக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டு, மேலைநாட்டு முகத்தின் நகல் என்று இதனை ஒதுக்குவது பொருந்தாது.

1970களின் பிற்பகுதியில் இம்முகம் சிறுவர் இதழ்களிலும் வேரூன்றியது. 1978இல் வெளிவரத் தொடங்கிய 'உருசேய் யாட்சுரா' மங்காவின் வேற்றுலக நாயகியான 'லும்' என்பவள் இவ்வகைக்கு முன்மாதிரியானாள். அவளைப் படைத்த தகஹாஷி ருமிகோவும் ஒரு பெண்ணே. தகேயுச்சி நவோகோவின் 'பிஷோஜோ சென்ஷி சேலர் மூன்', 1992இல் அனிமேயாகவும் வந்தபோது, சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களில் வழக்கமான ஐவர் படையைச் சிறுமியரிடம் ஒப்படைத்து, ஆண் ரசிகர்களையும் ஈர்த்தது.

இதன்பின் நேர்ந்தது வேறு வகை மாற்றம். அனிமே சார்ந்த பொருள்களை விற்கும் 'கேமர்ஸ்' கடைகளுக்காக 1998இல் உருவாக்கப்பட்ட டெஜிகோ என்னும் விளம்பரப் பாத்திரத்துக்குப் பச்சைத் தலைமுடி, பூனைக்காதுத் தொப்பி, பெரிய மணிகள், பணிப்பெண் உடை என ரசிகர்கள் விரும்பும் உறுப்புகள் அனைத்தும் ஒருசேரப் பொருத்தப்பட்டன. சிந்தனையாளர் அசுமா ஹிரோகி 2001இல் வெளியிட்ட நூலில், இத்தகைய பாத்திரங்கள் தரவுத்தொகுப்பிலிருந்து கூறுகளை எடுத்துக் கோக்கப்படுபவை என விளக்கினார். மனத்தைக் காட்டுவதற்காக விரிந்த கண், இங்கே அந்த மனம் இல்லாமலே விலைபோயிற்று. டெஜிகோவுக்குத் தொலைக்காட்சித் தொடர் அமைந்தது 1999இல்தான். உருவம் கடைக்கு வந்த பிறகே அவளுக்குக் கதை எழுதப்பட்டது.