எண்ணெயில் வாழும் புரதங்கள்

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது, விவேக் நகரில் எண்ணெய் வியாபாரம் செய்யும் எனக்குத் தொழில் கற்றுத் தந்த பாடம். உயிரியலில் இதே பாடம் பெரிய சிக்கலாக நிற்கிறது என்பதை நூல்களைப் படிக்கப் படிக்க அறிந்தேன். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. அதில் பதிந்துள்ள புரதங்களே வாசற்காவலர்கள். உப்பு, சர்க்கரை, நரம்புச் செய்தி எல்லாம் இவற்றைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். நாம் சாப்பிடும் மருந்துகளில் ஏறக்குறைய பாதி இவற்றின் மீதுதான் வேலை செய்கிறது. மருந்து எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று அறிய, புரதத்தின் வடிவம் தெரிய வேண்டும். வடிவம் தெரிய, அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். சங்கடமே அங்கேதான். கொழுப்பை விட்டு வெறும் தண்ணீருக்கு வந்தால் இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

இதற்கு என்ன வழி? முதலில் புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவிலோ, வளர்ப்புச் செல்லிலோ புகுத்தி விளைவிக்கிறார்கள். அடையாளத்துக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை வால் போலக் கோத்துவிடுகிறார்கள். பிறகு செல்லை உடைத்து, அதிவேகமாகச் சுழற்றிச் சவ்வை வண்டலாகப் பிரிக்கிறார்கள். அடுத்தது சோப்பு! துணி சோப்பு இல்லை. டோடெசில் மால்டோசைடு போன்ற மென்மையான வகை. அதன் ஒரு முனை கொழுப்பைப் போலப் புரதத்தைப் போர்த்திக்கொள்ளும், மறுமுனை தண்ணீரோடு உறவாடும். இக்கரைசலை நிக்கல் ஏற்றிய குழாயில் விட்டால் ஹிஸ்டிடின் வால் ஒட்டிக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் வழிந்துபோகும். பின்பு இமிடசோல் விட்டுக் கழற்றி, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். லிட்டர் கணக்கில் வளர்த்தாலும் பல சமயம் மிஞ்சுவது சில மில்லிகிராம்தான்.

இதெல்லாம் வெளிநாட்டு வேலை என்று எண்ண வேண்டாம். டாடா இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், ஜி.என். இராமச்சந்திரன் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையில் இது நடக்கிறது. அங்குள்ள அரவிந்த் பென்மட்சா, முன்பு அமெரிக்காவில் இருந்தபோது, பழ ஈயின் டோபமைன் கடத்தியில் ஐந்து அமினோ அமிலங்களை மாற்றி உறுதிப்படுத்தி, நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து அதில் எங்கே அமர்கிறது என்பதைச் சக ஆய்வாளர்களோடு 2013இல் காட்டினார். 2023இல் அவரது பெங்களூர்க் குழு, எலியின் காபா கடத்தியின் வடிவத்தைக் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளியிட்டது. வலிப்பு மருந்தான டியாகபைன் அடைப்பது இந்தக் கதவைத்தான்.

நுண்ணோக்கி கோடி ரூபாய்க் கருவிதான். ஆனால் சோப்பு பொருந்தாமல் புரதம் கெட்டுப்போனால் அது என்ன காட்டும்? வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் இன்னும் நல்ல மருந்து வர, பொறுமையாகச் சுத்திகரிக்கும் கைகள் வேண்டும். விஞ்ஞானம் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறையையும் எண்ணிப் பார்க்கட்டும்.