பகா எண்ணும் மெய்ப்பிப்பும்

நன்னூலார் சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் வகுத்தார். 'பகா' என்பது ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அச்சொல்லையே கணிதத் தமிழும் ஏற்று, 1ஆலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, 1இன் மிக்க எண்ணைப் 'பகா எண்' என வழங்குகின்றது. பெயரே பொருளை உணர்த்துவதால் மாணவர்க்கு மனப்பாடச் சுமை குறைகின்றது.

ஈண்டு 2147483647 என்னும் எண்ணை ஆராய்வோம். 2இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இது பகா எண்ணே என்பதை 1772ஆம் ஆண்டளவில் லியோனார்டு ஆய்லர் மெய்ப்பித்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் அஃது எவ்வாறு இயன்றது?

31 பகா எண் என்பதனாலேயே இதுவும் பகா எண் ஆகிவிடாது. 11உம் பகா எண்ணே. எனினும் 2இன் 11ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் 2047, 23 × 89 எனப் பகுபடுகின்றது. ஆயின், அவ்விரு காரணிகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 11இன் இருமடங்கு 22. 23 என்பது 22ஐவிட 1 மிகுதி. 89 என்பது 22இன் நான்கு மடங்கைவிட 1 மிகுதி. மேலும், அவற்றை 8ஆல் வகுத்தால் மீதி முறையே 7, 1 ஆகும். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாயின், இவ்வகை எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தரும்; முதலில் கண்ட ஒழுங்கும் பொருந்தும். இவை நிறுவப்பட்ட உண்மைகள்.

அடுக்கு 31 ஆகும்போது, இவ்விரு விதிகளும் கூடி, காரணியை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆதல் வேண்டும் என வரையறுக்கின்றன. ஓர் எண் பகுபடுமாயின் அதன் காரணிகளுள் ஒன்றேனும் வர்க்கமூலத்தை விஞ்சாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அவ்வெல்லைக்குள் 4,700க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள. ஆயினும் விதிகளுக்கு உட்படுவன நூற்றுக்கும் குறைவே. 63, 249 ஆகியன பகு எண்கள் ஆதலால் விலகுகின்றன. முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியது 311. அங்ஙனம் வகுக்க, ஒவ்வொன்றிலும் மீதி வருகின்றது. ஆகவே, இது பகா எண்.

குறியுடைய 32 பிட் முழு எண்களுள் மிகப் பெரியதும் இவ்வெண்ணே. 1970 சனவரி 1 முதல் நொடிகளை அவ்வளவில் எண்ணிவரும் கணினிகளின் கணக்கு 2038 சனவரி 19இல் நிரம்பிவிடும். அச்சிறப்பு எண்ணின் வடிவால் வந்தது. பகாத் தன்மையால் வந்ததன்று.

வகுப்பறையில் நாம் வலியுறுத்த வேண்டியது ஒன்று. 'காரணி கிடைக்கவில்லை' என்பது தேடியவரைப் பற்றிய செய்தி. 'காரணி இல்லை' என்பது எண்ணைப் பற்றிய முடிவு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல, இனித் தேட இடமில்லை என்று காட்டியாக வேண்டும். மாணவர் எந்தத் தொடரை எழுதுகின்றனர் என்று மொழியாசிரியரும் கணித ஆசிரியரும் ஒருங்கே நோக்குவாராயின், மெய்ப்பிப்பு யாது என்பது அவர்க்குத் தமிழிலேயே தெளிவாகும்.