வாரமா, பாயின்ட்டா?

பழைய டைம்ஷேர் வாரத்தைக் கொடுத்துவிட்டுப் பாயின்ட் திட்டத்துக்கு மாறும்படி உறுப்பினர்களை அழைக்கின்றன விடுமுறை நிறுவனங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் தடவை விற்றபோது ஆரவாரம் இருந்தது. நட்சத்திர ஓட்டலின் குளிர்ந்த கூடம், காது கிழியும் பாட்டு, யாரோ ஒரு தம்பதி உறுப்பினராகிவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவிப்பு, கைதட்டல். இரண்டாம் தடவை இதெல்லாம் கிடையாது. மூணாறிலோ ஊட்டியிலோ விடுமுறையின் இரண்டாம் நாள் காலை, அறையில் தொலைபேசி மென்மையாக ஒலிக்கிறது. உறுப்புரிமை பற்றி ஒரு சின்ன விளக்கம், அரை மணி போதும் என்கிறது குரல். அரை மணி இரண்டு மணி நேரமாக நீள்கிறது. கடைசியில் மேஜைமேல் ஒரு தாள் வைக்கப்படுகிறது: பழைய வாரம் போய், புதிய பாயின்ட். கொஞ்சம் பணம் மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். இன்றைக்குள்.

இந்தியாவில் டைம்ஷேர் எண்பதுகளின் நடுவில் காலூன்றியது. சென்னையைச் சேர்ந்த ஸ்டெர்லிங் 1986-ல் தொடங்கப்பட்டது. மஹிந்திரா குழுமம் இந்தத் தொழிலுக்கென 1996-ல் தனி நிறுவனம் ஏற்படுத்தி, மூணாறில் முதல் ரிசார்ட்டைத் திறந்தது. விற்ற சரக்கு எளிமையானது: ஆண்டுக்கு ஏழு நாள், குறிப்பிட்ட அளவு அறை, குறிப்பிட்ட பருவம். 25 ஆண்டு, 33 ஆண்டு என்று நீண்ட காலத்துக்கு. சொந்தமாக மலைவாசஸ்தலத்தில் வீடு வாங்க முடியாத வங்கி ஊழியருக்கும் பொதுத்துறைப் பொறியாளருக்கும் அது பாதி நிறைவேறிய கனவு.

அந்தக் கனவுகளுக்கு இப்போது கெடு முடிந்துகொண்டிருக்கிறது. 1998-ல் 25 ஆண்டுக்கு வாங்கியவரின் ஒப்பந்தம் 2023-ல் முடிந்துவிட்டது. 2006-ல் வாங்கியவருக்கு 2031 வரைதான். வாங்கியபோது பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று வேறு ஊரில், வேறு நாட்டில். ஏழு நாள் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் தங்க ஆளில்லை. இந்த இடத்தில்தான் பாயின்ட் திட்டம் கதவைத் தட்டுகிறது. வேண்டிய ஊர், வேண்டிய நாள், இரண்டு இரவு, மூன்று இரவு என்று பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சொல்வதில் உண்மையும் இருக்கிறது.

பாயின்ட் புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் தன் விடுமுறைக் கிளப்பை 1991-ல் தொடங்கியதே பாயின்ட் அடிப்படையில்தான். வாரங்களை மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. 2000-ல் பாயின்ட் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே பத்தாண்டு பாயின்ட் திட்டம் விற்கப்பட்டிருக்கிறது.

கணக்குக்கு வருவோம். மும்பை செம்பூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 62 வயது, ஓய்வுபெற்றவர். பழைய ஒப்பந்தம் 2031-ல் முடிகிறது. புதிய பாயின்ட் திட்டத்தின் விலை 6 லட்சம் ரூபாய் என்கிறார் விற்பனையாளர். பழைய வாரத்துக்கு 2 லட்சம் கழிவு. மீதி 4 லட்சம் கட்டினால் 15 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1,000 பாயின்ட்.

அந்த 2 லட்சம் கழிவில்தான் பலர் மயங்குகிறார்கள். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் நம் வீட்டுப் பெண்கள் ஏமாறாததற்குக் காரணம், அந்தப் பாத்திரம் கடையில் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே பாத்திரத்தின் விலையையும் துணியின் விலையையும் ஒருவரே சொல்கிறார். பழைய உறுப்புரிமை இல்லாத புது ஆள் வந்தால் அதே திட்டம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பேரம் பேசும் புது ஆளுக்கு அது 4 லட்சத்து சொச்சத்துக்கே கிடைக்குமானால், கழிவு என்பது தாளில் மட்டும் இருக்கும் ஓர் எண்.

அடுத்தது, 4 லட்சத்தின் உண்மையான சுமை. வைப்பு நிதியில் 7 சதவீத வட்டி என்று கொண்டால், 4 லட்சத்தை வட்டியும் முதலுமாக 15 ஆண்டில் தீர்க்க ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ. 43,900 எடுக்கலாம். பாயின்ட்டுக்காக அவர் இழப்பது இந்த வருமானத்தை. இதோடு ஆண்டுப் பராமரிப்புச் சந்தா. அது 20,000 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 23,600. இரண்டும் கூடி ஆண்டுக்கு ரூ. 67,500. ஏழு இரவு தங்கினால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய ரூ. 9,640. சாப்பாடும் ரயில் கட்டணமும் தனி. இந்த விலைக்கு உள்ள அறை எப்படி இருக்கும் என்பதை எந்த ஓட்டல் முன்பதிவு நிலையத்திலும் ஐந்து நிமிடத்தில் விசாரித்துவிடலாம்.

சந்தா இருபதாயிரத்திலேயே நின்றுவிடுமா? ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். உறுப்பினர் போகாவிட்டாலும் சந்தா ஓடும். 2020-ல் ஊரடங்கில் ரிசார்ட்டுகள் பூட்டிக் கிடந்தபோது இந்த உண்மை பல வீடுகளில் உறைத்தது.

பழைய வாரத்துக்கு ஏற்கெனவே கொடுத்த பணம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரவும் கூடாது. அது போன பணம். ‘இவ்வளவு போட்டாயிற்று, அதை வீணாக்கலாமா’ என்பது விற்பனையாளருக்கு மிகவும் பிடித்த வாக்கியம். புதிதாகப் போடப்போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் புதிதாக என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பாயின்ட்டின் குணம். வாரம் என்பது வாரம்தான். அதை ஆறு நாளாகக் குறைக்க யாராலும் முடியாது. பாயின்ட் அப்படியல்ல. அது ஒரு நாணயம். அச்சடிப்பதும் நிறுவனம், அந்த நாணயத்தில் அறைக்கு விலை வைப்பதும் நிறுவனம். கூட்டம் இல்லாத மழை மாதத்தில், வார நாளில், சிறிய அறைக்கு ஓர் இரவுக்கு 40 பாயின்ட் என்று அட்டவணை சொன்னால், ஆயிரம் பாயின்ட்டுக்கு 25 இரவு. விற்பனை மேஜையில் பெரிய எழுத்தில் எழுதப்படுவது இந்த 25. தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு படுக்கையறைப் பகுதிக்கு 220 பாயின்ட் என்றால் நான்கே இரவு. மிச்சம் 120 பாயின்ட் பஸ் கண்டக்டர் தராத சில்லறை மாதிரி நிற்கும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு கட்டணத்துக்கு என்பது பின்பக்கத்தில் இருக்கும்.

அட்டவணை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் மூன்றே ஆண்டில் 220 என்பது 277 ஆகிவிடும். நான்கு இரவு மூன்றாகும். உறுப்பினரின் கையிலிருந்து ஒரு பாயின்ட்கூடப் பறிபோகவில்லை என்று நிறுவனம் சொல்லலாம். அது சரியும்கூட. ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, அட்டவணையை மாற்றும் உரிமை யாருக்கு, எந்த வரம்புக்குள் என்ற பிரிவு. டிஸ்னி திட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு பருவத்துக்குப் பாயின்ட்டை ஏற்றினால் வேறு பருவத்தில் இறக்கியாக வேண்டும், ஓர் அறைக்கு ஆண்டு முழுவதற்குமான மொத்தப் பாயின்ட் உயரக்கூடாது. இது போன்ற வரி இந்திய ஒப்பந்தத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். ‘நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும்படி’ என்று இருந்தால், 15 ஆண்டுக்கு வாங்கப்படுவது என்னவென்று வாங்குபவருக்கே தெரியாது.

பருவம் இன்னொரு பொறி. பழைய திட்டத்தில் உச்சப் பருவத்துக்கு அதிக விலை கொடுத்து வாங்கியவர், மே மாதமோ டிசம்பரோ ஏழு இரவு கேட்க உரிமையுள்ளவர். இடம் கிடைப்பது போராட்டம்தான் என்றாலும் உரிமை இருக்கிறது. பாயின்ட்டுக்கு மாறியதும் அந்த உச்சப் பருவம்தான் அவர் நாணயத்தை அதிகம் விழுங்கும். பள்ளி விடுமுறையை நம்பி ஊர் சுற்றும் குடும்பங்களும், பேரக்குழந்தைகள் கோடையில்தான் வருவார்கள் என்று காத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் மாறுவதால் இழப்பதே அதிகம்.

யாருக்கு லாபம்? செவ்வாய்க்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திரும்பக்கூடிய தம்பதிக்கு. ஆகஸ்டில் கூர்க் மழையை ரசிக்கிறவருக்கு. ஆண்டுக்கு நான்கைந்து முறை காரில் போய் வரும் தூரத்தில், அந்த நிறுவனத்துக்கே ரிசார்ட் இருப்பவருக்கு. இப்படிப்பட்டவர் பழைய வாரத்தை ஆண்டுதோறும் வீணாக்கிக்கொண்டிருந்தால், பாயின்ட் அவருக்கு நிஜமாகவே பயன்படும். அப்போதும், அதே செவ்வாய்க்கிழமைகளில் ஓட்டல்களும் காலியாகத்தான் இருக்கும், பாதி விலைக்கு அறை தரத் தயாராக இருக்கும் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் இதில் ஏன் இவ்வளவு முனைப்புக் காட்டுகின்றன? புது உறுப்பினரைப் பிடிக்க விளம்பரம், பரிசு, ஓட்டல் கூடம் என்று செலவு. பழைய உறுப்பினரின் முகவரியும் பிறந்த நாளும் கைவசம் இருக்கின்றன. அவர் சொந்தச் செலவில் ரிசார்ட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அதைவிட முக்கியம், ஒப்பந்தம் முடிந்தால் அவர் கட்டும் ஆண்டுச் சந்தா நின்றுவிடும். மாறினால் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115-ன்படி, உறுப்பினர் ஒரே தடவையில் கட்டும் கட்டணத்தை நிறுவனம் அந்த ஆண்டின் வருமானமாகக் காட்டிவிட முடியாது. உறுப்புரிமைக் காலம் முழுவதும் பரப்பித்தான் காட்ட வேண்டும். 15 ஆண்டு சேவைக்கான பணம் முன்கூட்டியே வாங்கப்படுகிறது என்பதைக் கணக்காளர்களே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. அந்தப் பதினைந்து ஆண்டும் நிறுவனம் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. நிறுவனங்கள் கை மாறுவதும் உண்டு: ஸ்டெர்லிங்கை 2014-ல் தாமஸ் குக் வாங்கியது.

‘பயன்படுத்தாத பாயின்ட்டைக் கடைசியில் பணமாகத் திருப்பித் தருவோம்’ என்று யாராவது சொன்னால் அது வேறு விவகாரம். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் ஓட்டல் அறை இரவுகளை விற்று, தங்காதவர்களுக்குக் காலக்கெடு முடிவில் பணம் தருவதாகச் சொல்லி வந்தது. இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த செபி, 51 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் வசூலித்த ரூ. 7,035 கோடியைத் திருப்பித் தரும்படி 2016-ல் உத்தரவிட்டது. விடுமுறை விற்பவர் வட்டிக் கடைக்காரர் போல் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

சட்டம் கைகொடுக்குமா? ஐரோப்பாவில் 2008-ம் ஆண்டின் நெறிமுறைப்படி டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளில் முன்பணம் வாங்குவதே தடை. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில நிறுவனங்கள் தாங்களாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. புதிதாகச் சேர்பவருக்குள்ள அந்த அவகாசம், மாறுகிறவருக்கும் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மிஞ்சுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். ரிசார்ட் இருக்கும் ஊருக்கோ நிறுவனத்தின் தலைமையகத்துக்கோ அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற புதிய கருத்தும் இந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்று வாதிட விரும்புகிறவர் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆணையத்தில் எடுபடுவது காகிதம். விற்பனையாளர் வாயால் சொன்னது எதுவும் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருப்பது வழக்கம். எனவே அவர் அளித்த வாக்குறுதிகளை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, சரிதான் என்று பதில் வாங்கிவிட வேண்டும். பழைய ஒப்பந்தம் ரத்தாகும்போது ‘இனி எந்தப் பாக்கியும் புகாரும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கினால், கிடைக்காமல் போன பழைய வாரங்களைப் பற்றிப் பிறகு வாய் திறக்க முடியாது.

செம்பூர்க்காரருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு 2031 வரை பழைய வாரத்தை அனுபவிக்கும் வழியும் திறந்தே இருக்கிறது. சந்தா மட்டும் கட்டினால் போதும். இரண்டு இரவு, மூன்று இரவு என்று பிரித்து எடுக்கும் வசதி சில பழைய திட்டங்களிலேயே உண்டு; பலர் கேட்பதில்லை. மாறினால் புதிய ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 77 வயது. நடுவில் அவர் இல்லாமல் போனால் டொரான்டோவில் இருக்கும் மகள் பெயருக்கு அது மாறுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு, அவள் வேண்டாம் என்றால் சந்தா பாக்கி யார் தலையில் விழும் என்ற விவரமும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. ரிசார்ட்டில் மேஜைமேல் வைக்கப்படும் முதல் பக்கத்தில் அல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டிய கடைசிப் பக்கங்களில்.