ஓரம் தெரியாத மூக்கு

புற்றுநோயில் மூக்கை இழந்தவருக்குச் செயற்கை மூக்கு செய்து தருவது இங்கே பெரும்பாலும் பல் டாக்டர்தான். பல் செட் கட்டும் பிராஸ்தோடான்டிக்ஸ் துறையின் ஒரு கிளை இது. அளவெடுப்பு, மெழுகு வேலை, அச்சு வார்ப்பு எல்லாம் அதே கைப்பழக்கம்.

உலக அளவில் தோல் புற்றில் அதிகம் வருவது பேசல் செல் வகை. வெயில் படும் முகத்தில், அதிலும் மூக்கில், அடிக்கடி தோன்றும். உடலெங்கும் பரவுவது அபூர்வம். ஆனால் முற்றவிட்டால் குருத்தெலும்பையே அரித்துவிடும். மூக்கை எடுக்க நேரலாம். நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு கட்டும் அறுவை சிகிச்சை உண்டு. கதிர்வீச்சு பட்ட தோல் லேசில் ஆறாது என்பதும், வயதானவர்கள் அடுத்தடுத்த அறுவையைத் தாங்க மாட்டார்கள் என்பதும்தான் தடை. மாட்டும் மூக்கில் இன்னொரு நன்மை: கழற்றினால் போதும், புற்று மீண்டும் தலைகாட்டுகிறதா என்று டாக்டர் நேரே பார்த்துவிடலாம்.

மூக்கை வடிப்பதுகூடப் பெரிய காரியமில்லை என்பேன். பழைய போட்டோவைப் பார்த்து மெழுகில் செய்து, முகத்தில் வைத்துத் திருத்தி, அச்செடுத்துச் சிலிக்கோனில் வார்த்துவிடலாம். பாடுபடுத்துவது ஓரம்தான். சிலிக்கோன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்து தோலோடு கலக்க வேண்டும். இல்லையென்றால் சிரித்த மாத்திரத்தில் கோடு விழும். பார்வை நன்றாக இருப்பவரையும் மூக்குக்கண்ணாடி போடச் சொல்வது இதனால்தான். மேல் ஓரத்தை ஃபிரேம் மறைத்துவிடும்.

அடுத்த தலைவலி நிறம். மேலே பூசினால் மட்டும் உயிர் வராது. சிலிக்கோனுக்குள்ளேயே நிறமிகளைக் கலந்து, ரத்தக்குழாய் தெரிவதுபோல் சிவப்பு, நீல இழைத் துகள்களைச் சேர்ப்பார்கள். ஜன்னலோரம் அச்சு அசலாகப் பொருந்திய நிறம் டியூப் லைட்டில் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வெளிச்சத்திலும் பார்த்தால்தான் ஆயிற்று.

முகத்தில் நிற்கப் பசை உண்டு. வியர்வை அதற்கு எதிரி. எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் காந்தத்தால் மாட்டுவது இன்னொரு வழி. ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965-ல் பல்லுக்காகப் பதித்த திருகுதான் பின்னர் காதுக்கும் மூக்குக்கும் வந்தது. கதிர்வீச்சு பட்ட எலும்பில் அது பிடிப்பது கொஞ்சம் சந்தேகம்.

இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். வெயிலும் தோலின் எண்ணெய்ப் பசையும் நிறத்தை மங்கவைப்பதால் ஓரிரு வருடத்தில் புதியது தேவைப்படும். அச்சு கையில் இருந்தால் வடிவத்துக்குக் கவலையில்லை. நிறத்தை மட்டும் அன்றைய முகத்தைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். குளிர்நாடுகளில் வெயிலுக்குத் தோல் நிறம் மாறுவதால் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு மூக்கு வைத்திருப்பவர்களும் உண்டு.