ரோபோவின் பூர்வீகம்

ருஷ்யத் தொழிலாளி வேலையை 'ரபோத்தா' என்கிறான். போலந்துத் தொழிலாளி 'ரொபோத்தா' என்கிறான். இரண்டும் ஒரே வேர். அந்த வேரிலே முளைத்த இன்னொரு ருஷ்யச் சொல் 'ரப்'. பொருள்? அடிமை!

செக் மக்களோ வேலைக்கு வேறு சொல் வைத்துக்கொண்டனர். அவர்களுக்கு 'ரொபோத்தா' என்றால், பிரபுவின் வயலிலே குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய ஊழியம்! 1848-ல் ஆஸ்திரியப் பேரரசில் அந்த ஊழியம் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை.

1920-ல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக், செயற்கைத் தொழிலாளர்கள் முதலாளிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழும் நாடகத்தை எழுதினார். அவர்களுக்குப் பெயர் தேடினார். அண்ணன் யோசெப் எடுத்துத் தந்தார்: 'ரோபோ'!

இன்று உலகம் இயந்திரத்தை அப்பெயரால் அழைக்கிறது. அழைக்கட்டும்! உழைப்பவனை அடிமையாக நடத்திய காலத்தின் கறை அது என்பதை உழைப்பவன் மறக்கலாமா?