ஒரு மூச்சில் ஒரு பிடி பாசி

நெய்தல் திணைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் அதன் உரிப்பொருள் இரங்கல் என்றார்கள். ஆண் கடலுக்குப் போவான், பெண் கரையில் நின்று வருந்துவாள். 1956-இல் வந்த தகழியின் ‘செம்மீன்’ நாவலிலும் கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலில் இருக்கும் கணவனைக் காக்கிறது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கதை எடுபடாது. அங்கே பாசி எடுக்கக் கடலுக்குள் முங்குவது பெரும்பாலும் பெண்கள்.

வரிந்து கட்டிய சேலை, அதற்கு மேல் ஒரு டி-சர்ட். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணிக் கிழிசல், காலில் ரப்பர் செருப்பு, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாதுகாப்பு உடை என்று சொல்வதானால் இவ்வளவுதான். ஆக்சிஜன் கிடையாது. ஒரு மூச்சில் இறங்கி, பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பிடுங்கி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடியும் இறங்க வேண்டும். மணிக்கணக்கில் இதே வேலை. சொறி மீன் பட்டால் தோல் எரியும். திருக்கையின் வால் முள் குத்தினால் ஆஸ்பத்திரிதான். நீரோட்டம் இழுத்தால் வள்ளம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இப்படி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் கிடைக்கிறது. ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டிலும், நோன்புக் காலத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசியிலும் இருப்பது இந்த அகர்தான்.

முங்கும் பெண்ணைச் சினிமா கண்டுகொள்ளாமல் இல்லை. 1967-இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ ஜப்பானின் ‘அமா’ பெண்ணுக்கு வெள்ளை பிகினி மாட்டி அழகு பார்த்தது. கொரியாவின் ஜெஜு தீவில் முங்கும் ‘ஹேன்யோ’க்களை 2025-இன் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்’ கொஞ்சம் மரியாதையாகவே காட்டுகிறது. அதில் வரும் தாய், மகள் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது என்கிறாள். 29 வயதில் செத்தும் போகிறாள்.

அந்தத் தாயின் பயம் நியாயமானது. ஹேன்யோக்கள் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறார்கள். மூச்சை அடக்கும்போது நமக்குத் தவிப்பு வருவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். முங்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் அது வெளியேறிவிடும். தவிப்பு தாமதமாகும், ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். அடியில் இருக்கும் வரை நீரின் அழுத்தம் அந்தக் குறையை மறைத்து வைக்கும். மேலே வரும் கடைசிச் சில அடிகளில் மயக்கம் வரும். கை கால் அடிக்கக்கூட நேரம் இருக்காது.

ஆபத்தைக் காட்டி ஜெஜு இந்தப் பெண்களைக் கரைக்கு விரட்டவில்லை. அவர்களுக்கு மருத்துவ உதவி உண்டு, தனி அருங்காட்சியகம் உண்டு. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள். எண்ணிக்கை சுமார் 4,000-ஆகக் குறைந்து, இருப்பவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டிய பிறகு வந்த பெருமை அது என்பது வேறு விஷயம்.

மன்னார் வளைகுடாவில் நடந்தது நேர்மாறு. 1986-இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாயின. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவில் கால் வைப்பது குற்றமானது. சொறி மீனோடு வனத்துறைப் படகுக்கும் பயப்பட வேண்டியிருந்தது. பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பவளப்பாறையைச் சிதைக்கும் உலோகச் சுரண்டியைத் தொடுவதில்லை. அதற்காகப் பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. காட்டையும் கடலையும் காக்கும் பொறுப்பில் இருக்கும் நம் அதிகாரிகளுக்கு முன்பே கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கிறது.

இப்போது அரசு காட்டும் வழி பாசி வளர்ப்பு. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023-இல் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரையோரத்தில் மூங்கில் மிதவை கட்டி வளர்ப்பதில் முங்க வேண்டியதில்லை, ஆபத்தும் குறைவு. ஆனால் மிதவையில் அதிகம் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள். அதிலிருந்து கிடைப்பது கராஜீனன், அகர் அல்ல. மரிக்கொழுந்து இன்றும் பாரிலிருந்துதான் வருகிறது.