உழைக்கும் உடம்பு - 9: டீ இடைவேளையில் இரண்டு நிமிடம்

"காலைல எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டரைக்குத்தானுங்க எந்திரிக்கறோம். இதுக்கு மேல என்னங்க எக்சர்சைஸ்?"

திருப்பூர் டெய்லர்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் இப்படித்தான் கேட்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் 'உடம்பை அசையுங்கள்' என்று சொல்ல யாருக்கும் வாய் கூசும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அவர்களுடைய தோள் அசைவதே இல்லை.

ஓவர்லாக் மெஷினில் இருப்பவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். விரல்கள் பறக்கின்றன, கால் பெடலை மிதிக்கிறது. கண் ஊசியை விட்டு நகராததால் கழுத்து குனிந்தபடியே இருக்கிறது. முன்னால் நீண்ட இரண்டு கைகளையும் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசைதான் தாங்குகிறது. அது முழுப் பலத்தோடு சுருங்குவதும் இல்லை, முழுசாகத் தளர்வதும் இல்லை. இப்படிப்பட்ட லேசான, ஓயாத வேலையில் தசையின் சில மெல்லிய நார்களே முதலில் இறங்கிக் கடைசியில்தான் ஓய்கின்றன என்று சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹெக் 1991-இல் ஒரு கருதுகோளை வைத்தார். சிண்டரெல்லாவின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார்கள். வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு படுக்கிற பெண் அல்லவா அவள்!

களைத்த தசையில் வலி வருவது இயல்பு. அது ஏன் சிலருக்கு மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது? தசைக்குள்ளேயே மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் குடியிருக்கின்றன. ஒரு வகை அழற்சியைக் கிளப்பும், இன்னொரு வகை அடக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஸ்லூகாவின் குழு சுண்டெலிகளை 8 வாரம் சக்கரத்தில் ஓடவிட்டது. 2016-இல் வெளியான முடிவு இது: ஓடாத எலிகளின் தசையில் அடக்கும் வகை சுமார் 46 சதவீதம், ஓடியவற்றில் சுமார் 68. பிறகு தசையில் அமில ஊசி போட்டபோது ஓடாதவை வலியில் சிக்கின, ஓடியவை தப்பின. அடக்கும் செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-10 என்ற பொருளைத் தடுத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எலி மனிதன் ஆகாது என்பது உண்மை. ஆனால் ஓட்டம் முதலில், வலி பிறகு என்ற வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். வலி வந்தபின் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கும் ஊரில் இந்த வரிசையை யாரும் யோசிப்பதில்லை.

மனிதர்களிடம் நடந்த ஆய்வும் உண்டு. டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழு, அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் 174 பேர் பெண்கள். ரப்பர் குழாயைப் பிடித்து இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். வாரம் 5 நாள், 10 வாரம். ஒரு பிரிவுக்குத் தினம் 12 நிமிடம், இன்னொன்றுக்கு 2 நிமிடம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு பிரிவிலும் வலி குறைந்தது. 2011-இல் இது வெளியானது. அவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள்தான், ஆனால் வலிக்கிற தசை ஒன்றே.

ரப்பர் குழாய் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும்.

பீஸ் ரேட்டில் ஓடுகிறவருக்கு அந்த இரண்டு நிமிடமும் கூலிதான். அதை அவருடைய டீ நேரத்தில் பிடிக்காமல் கம்பெனி தன் கணக்கில் தர வேண்டும். தலைப்பில் டீ இடைவேளை என்று போட்டது, மெஷின்கள் ஓய்வது அப்போதுதான் என்பதால்.

ஒரு எச்சரிக்கை. தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை, கூடவே காய்ச்சல் என்றால் அது தசை அழற்சி நோயாக இருக்கலாம். பாட்டிலை வைத்துவிட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இ.எஸ்.ஐ. கார்டே இல்லாத கான்ட்ராக்ட் டெய்லர் எங்கே போவார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.